கஞ்சாவும் பித்தும்: 1893–94ஆம் ஆண்டு ஆணைக்குழு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நோய்க்கு இதுவே காரணம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற வினா மருத்துவ வரலாற்றுக்கு மாத்திரம் உரியதன்று. சமூக வரலாற்று மாணவனும் அதனை எதிர்கொள்ளவே வேண்டும். கஞ்சா உடலுக்கும் மனத்துக்கும் விளைக்கும் தீங்கு பற்றியும், அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மை பற்றியும் நம்மிடையே இன்று இரு கருத்துகள் நிலவுகின்றன. கஞ்சா குடித்தவனுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பது ஒன்று. வீட்டுத் திண்ணையிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் ஒருங்கே கேட்கப்படும் கருத்து இது. மற்றையது முற்போக்காளர் சிலரிடையே செல்வாக்குப் பெற்றது. கஞ்சா பற்றிய அச்சம் யாவும் ஏகாதிபத்தியத்தின் கற்பனை. அது சித்தர் கண்ட மூலிகை. தீங்கற்றது என அவர்கள் வாதிப்பர். சித்த வைத்திய மரபு அதனைக் ‘கோரக்கர் மூலி’ என அழைத்தமை உண்மையே. ஆனால் அதே மரபு அதனைச் சுத்தி செய்யாது மருந்திற் சேர்க்கலாகாது என்று விதித்ததையும் இவர்கள் நினைவிற் கொள்வதில்லை. இவ்விரு கருத்துகளும் எதிரெதிரானவையாகத் தோன்றினும், வரலாற்றைப் பாராதிருத்தல் இரண்டுக்கும் பொதுவான பண்பாகும்.

இவ்விடயத்தில் நமக்குக் கிடைக்கும் மிக விரிவான பழைய ஆவணம், இந்திய சணற் போதைப்பொருள் ஆணைக்குழு 1894இல் ஏழு தொகுதிகளாக அளித்த அறிக்கையாகும். காலனித்துவ அரசொன்று தானே தயாரித்த பொய்யொன்றைத் தானே பரிசோதித்து, அதன் பெரும் பகுதியைக் கழித்துவிட்ட அரிய சந்தர்ப்பம் அது. அவ்வாறு கழித்தமைக்கும் ஒரு பொருளாதாரப் பின்னணி இருந்தது என்பதே இக்கட்டுரை சிறப்பாக வற்புறுத்த விழைவது.

சணற் செடியிலிருந்து இந்தியாவில் மூவகைப் பொருள்கள் பெறப்பட்டன. உலர்ந்த இலை ‘பங்’ எனப்பட்டது. வட இந்திய மேற்சாதியினர் விழாக் காலங்களில் அதனைப் பாலிற் கலந்து பருகினர். பெண்செடியின் பூந்தலை கஞ்சா. பிசின் ‘சரஸ்’. இவற்றுட் கஞ்சாவைப் புகைத்தோர் பெரும்பாலும் சாமியாரும் பக்கீர்களும், சுமை தூக்குவோர், மீன்பிடிப்போர் முதலிய உடலுழைப்பாளருமாவர். களைப்பும் குளிரும் தெரியாதிருக்கப் புகைக்கிறோம் என்பதே உழைப்பாளர் சார்பில் ஆணைக்குழுவின் முன் திரும்பத் திரும்பக் கூறப்பட்ட காரணம். ஒரே செடியின் இலையைப் பருகுதல் மரியாதைக்குரிய வழக்கமாகவும் பூவைப் புகைத்தல் இழிவழக்கமாகவும் கருதப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. 1985ஆம் ஆண்டின் இந்தியப் போதைப்பொருட் சட்டமும் கஞ்சாவையும் சரஸையும் தடை செய்து, இலையை வரைவிலக்கணத்துக்கு வெளியே விட்டுவிட்டது.

வங்காளத்துக்கு வேண்டிய கஞ்சாவிற் பெரும் பகுதி, இன்று பங்களாதேஷில் உள்ள நவகாவ் பிரதேசத்தில், அரச உரிமம் பெற்ற விவசாயிகளால் விளைவிக்கப்பட்டது. ஆண்செடியின் மகரந்தம் பட்டுப் பெண்செடி விதை பிடித்தாற் பூந்தலையிற் பிசின் குன்றும். ஆகவே ஆண்செடிகளை இனங்கண்டு பிடுங்கியெறிவதற்கெனப் ‘பொத்தார்’ எனப்பட்ட கைதேர்ந்தோர் வயல் வயலாகச் சென்றனர். அறுவடை அரசின் மேற்பார்வையிலுள்ள களஞ்சியத்தில் வைக்கப்பட்டது. வரி இறுத்த பின்னரே வெளியேறியது. விதைப்பு முதல் விற்பனை வரை அரசின் கண் பட்ட பயிர் அது. சென்னை மாகாணத்திற் கள்ளும் சாராயமும் ஈட்டித் தந்த கலால் வருவாயோடு ஒப்பிடுகையிற் கஞ்சா தந்தது சிறு தொகையே. வங்காளத்தில் நிலைமை வேறு. அங்கு அது கைவிடற்கரிய வருவாயாயிருந்தது.

இனி, ஆணைக்குழு தோன்றிய சூழல். அபினி வணிகத்தின் மீது இங்கிலாந்தின் மதுவிலக்கு இயக்கத்தினர் தொடுத்த தாக்குதல் 1890களின் தொடக்கத்தில் உச்சம் பெற்றது. (சீனாவுடனான அபினி வணிகம் பற்றி மார்க்ஸ் 1858இலேயே நியூயோர்க் பத்திரிகையொன்றில் எழுதியிருந்தார். கஞ்சா பற்றி அவ்வாறு எழுத வாய்ப்பில்லை; அதன் வருவாய் உள்நாட்டில் ஏழைகளிடமிருந்தே திரட்டப்பட்டது; யுத்தம் எதனையும் அது வேண்டி நிற்கவில்லை.) மதுவிலக்காளரான வில்லியம் ஸ்புரொஸ்ற்றன் கெய்ன் 1893 மார்ச் மாதம் பிரித்தானியப் பாராளுமன்றத்திற் கஞ்சாவின் தீய விளைவுகள் பற்றிக் கேள்வி எழுப்பினார். அதன் பயனாக டபிள்யூ. மக்வர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட ஆணைக்குழு நியமிக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டிற் கல்கத்தாவிற் கூடியது. எழுவரில் மூவர் இந்தியர். மூவரும் அரச குடும்பம், நிலவுடைமை முதலிய மேனிலை சார்ந்தோர். ஓராண்டுக் காலத்தில் 1,193 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர்.

அவர்கள் தீர்க்க வேண்டியிருந்த வினாக்களுள் முதன்மையானது கஞ்சா பைத்தியத்தை விளைக்குமா என்பது. இந்தியப் பைத்தியசாலைகளின் ஆண்டறிக்கைகளிற் கஞ்சா நீண்ட காலமாகவே முக்கிய காரணமாகக் காட்டப்பட்டு வந்தது. புள்ளிவிபரம் இருந்தது, அட்டவணை இருந்தது, வைத்தியரின் கையொப்பம் இருந்தது. வேறென்ன வேண்டும்? ஆனால் ஆணைக்குழு அட்டவணைகளோடு நின்றுவிடவில்லை. ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தேடிச் சென்றது. இப்பகுதி அறிக்கையின் மிகச் சிறந்த பகுதி என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

1858ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, தெருவில் அலையும் மனநோயாளரைப் பொலிசார் பிடித்து நீதவான் முன் நிறுத்துவர். நீதவான் வைத்தியச் சான்றிதழ் பெற்று அவரைப் பைத்தியசாலைக்கு அனுப்புவார். அனுப்பும்போது ஒரு விபரப் படிவம் உடன் செல்லும். பெயர், சாதி, தொழில், முந்திய பழக்கங்கள் என்றிவ்வாறு செல்லும் அப்படிவத்தில் ‘நோய்க்கான காரணம்’ என்றும் ஓர் இடம் இருந்தது. அதனை நிரப்பியாக வேண்டும். பிடிபட்டவர் பேசும் நிலையில் இல்லை, உறவினர் எவருமில்லை, ஊர் தெரியாது. பொலிஸ்காரர் ‘கஞ்சா’ என்று எழுதினார். எழுதாமல் விட்டால் மேலதிகாரி படிவத்தைத் திருப்பியனுப்புவார். ‘கஞ்சா’ என்று எழுதினால் மறுகேள்வி இல்லை. பைத்தியசாலை அத்தியட்சகர் அதனைப் பதிவேட்டிற் பிரதி செய்தார். பதிவேட்டிலிருந்து மாகாண அறிக்கைக்கும், அங்கிருந்து பாராளுமன்ற விவாதத்துக்கும் அது சென்றது. ஓர் ஏட்டின் சொல், கையெழுத்து மாற மாற அறிவியல் ஆயிற்று.

1892இல் இந்தியப் பைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குச் சணற் போதையே காரணம் எனப் பதிவேடுகள் கூறின. ஆணைக்குழு இந்த 222 பேரின் வரலாற்றையும் ஊரூராக மீள விசாரித்தது. விளைவு: கஞ்சாவைத் தனிக் காரணமாகக் கொள்ளத்தக்கவை 61, வேறு காரணங்களோடு சேர்ந்து கஞ்சாவும் பங்கு கொண்டவை 37. ஆக 98. பதிவேட்டின் எண்ணிக்கையிற் பாதிக்கும் மேற்பட்டது உதிர்ந்துபோயிற்று. கஞ்சாவைத் தொட்டே அறியாதோர் உதிர்ந்தோரிடையே இருந்தனர். மனநோய் தொடங்கிய பின் புகைக்கத் தலைப்பட்டோரும் இருந்தனர். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி எழுதிய பதிவு அது. இதனோடு அமையாது, மூளையிற் கஞ்சா உண்டாக்கும் மாற்றத்தை அறியவென டி. டி. கனிங்ஹாம் என்ற வைத்திய அதிகாரி கல்கத்தாவிற் குரங்கொன்றுக்குப் பல மாதங்களாகக் கஞ்சாப் புகையூட்டினார். எதிர்பார்க்கப்பட்ட சிதைவு அதன் மூளையிற் காணப்படவில்லை.

ஆணைக்குழுவின் முடிபு நிதானமானது. மிதமான பயன்பாடு உடலுக்கும் மனத்துக்கும் ஒழுக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க தீங்கு விளைப்பதில்லை. மிகையான பயன்பாடு தீங்கு விளைக்கும். மனநோய்க்கு இயல்பாகவே ஆட்படக் கூடியவரிடத்து அது பித்தைத் தூண்டலாம் என்பதே அது. தடை வேண்டாம், வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்தலே போதும் என்று அது பரிந்துரைத்தது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கப் போராடிய தாராளவாதிகள் இவ்வறிக்கையைப் பகுத்தறிவின் வெற்றி எனப் போற்றினர். நாம் அவ்வளவு விரைந்து கைதட்ட வேண்டியதில்லை. தடை விதித்தால் வருவாய் போகும், கள்ளக் கடத்தல் பெருகும், சமய வழக்கத்திற் கைவைத்த அரசு என்ற பழி வரும் என்னும் அச்சங்கள் அறிக்கையின் பக்கங்களில் மறைவின்றியே பேசப்படுகின்றன. உண்மையைத் தேடுவதும் கருவூலத்தைக் காப்பதும் இவ்வொரு சந்தர்ப்பத்தில் ஒரே திசையில் அமைந்தன. அதனாலேயே உண்மை இவ்வளவு தூரம் வெளிவர முடிந்தது. மறுபுறம், இந்திய உறுப்பினருள் தாஹிர்பூர் இராஜாவும் லாலா நிஹால் சந்தும் பெரும்பான்மையோடு இணங்காது தனிக் குறிப்புகள் எழுதினர். நிலவுடைமையாளர் உழைப்பாளரின் பழக்கத்தைக் கண்டு கொண்ட வெறுப்பு அவற்றில் இல்லாமலில்லை. ஆயினும், அந்நியக் கருவூலத்தின் பொருட்டுத் தம் நாட்டவர் புகைக்க வேண்டுமா என்ற கேள்வியும் அவற்றின் அடியில் இருந்தது. அதனை ஒழுக்கவாதம் என்று மாத்திரம் ஒதுக்கிவிடல் நேர்மையாகாது.

இந்தியாவிற் கருவூலம் கஞ்சாவைக் காத்தது எனின், தோட்டக் குடியேற்றங்களில் அதன் நிலை வேறாயிருந்தது. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலிற் புறப்பட்டு 1860 நவம்பரில் நேட்டாலை அடைந்த ஒப்பந்தக் கூலிகளோடு தொடங்கிய குடிபெயர்விற் பெருந்தொகையினர் தமிழரும் தெலுங்கருமாவர். பத்தாண்டு கழிவதற்குள், 1870ஆம் ஆண்டின் கூலிகள் சட்டம் அவர்கள் கஞ்சா புகைப்பதையும் வைத்திருப்பதையும் தடை செய்தது. கரும்புத் தோட்ட முதலாளி கலால் வரி பெறுபவன் அல்லன். அவனுக்கு வேண்டியது மறுநாட் காலை வேலைக்கு வரும் உடல். ஒரே பேரரசின் ஒரே கொடியின் கீழ், ஒரே மாகாணத்தைச் சேர்ந்த உழைப்பாளி சென்னையிற் புகைத்தால் வரி செலுத்துபவன், நேட்டாலிற் புகைத்தாற் குற்றவாளி. மருந்தியல் இரண்டிடத்தும் ஒன்றே. உற்பத்தி உறவு வேறு.

இலக்கிய மாணவர் இவ்விடத்தில் இன்னோர் ஒப்பீட்டை நினைவுகூரக் கூடும். 1840களிற் பாரிஸில் கோத்தியே முதலிய எழுத்தாளர் ஹஷீஷ் உண்ணக் கூடிய குழு பிரசித்தமானது. போதலேர் அவ்வனுபவம் பற்றி 1860இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர்களுக்கு அது கற்பனையின் விரிவு. மனநோய் மருத்துவரான மொரோ 1845இல் எழுதிய நூலில், பித்தின் இயல்பை உள்ளிருந்து அறியும் கருவியாக ஹஷீஷைத் தாமே உண்டு பார்த்ததைக் கூறுகிறார். பாரிஸில் மனநோயை அறிய உதவிய பொருள் வங்காளத்தில் மனநோயின் காரணமாகப் பதிவாயிற்று. உண்டவர் யார் என்பதே வேறுபாடு.

1894இன் அறிக்கை பெரும்பாலும் வாசிக்கப்படாமலே போயிற்று. அடுத்த கட்டத்தில் உலகின் கருத்தை உருவாக்கியது கல்கத்தா அன்று, கெய்ரோ. அங்கு அப்பாசியா பைத்தியசாலையை நடத்திய ஜோன் வார்னொக் 1903இல் ஹஷீஷ் பைத்தியம் பற்றி எழுதிய கட்டுரை, பைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தோரை மாத்திரம் பார்த்து எழுதப்பட்டது. வராதோர் எத்தனை இலட்சம் என்ற கணக்கு அதில் இடம்பெறவில்லை. 1924–25 ஜெனீவா மகாநாட்டில் எகிப்தியப் பிரதிநிதி எல் கிந்தி, தம் நாட்டு மனநோயாளருள் 30 முதல் 60 சதவீதத்தினர் ஹஷீஷினாலேயே நோயுற்றனர் என்று கூறியபோது அவையிலிருந்தோர் பெரிதும் அசைந்தனர். இந்தியச் சணல் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961ஆம் ஆண்டின் சமவாயம் அதனை ஹெரோயினோடு ஒரே கடும் அட்டவணையில் வைத்தது. 2020 டிசம்பரில் 27க்கு 25 என்ற வாக்குகளால் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு அவ்வட்டவணையிலிருந்து அதனை நீக்கிற்று. நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, கஞ்சாவின் தீமை முழுவதும் பொலிஸ்காரரின் படிவத்தில் உருவான மாயை என்று முடிவு கட்டுவோர் உளர். அம்முடிபு தவறு. பொய்யான சாட்சி ஒருவன் மீது குற்றஞ்சாட்டியமையால் அவன் நிரபராதி ஆகிவிடுவதில்லை.

1964இல் இஸ்ரேலில் மெஷூலமும் கயோனியும் கஞ்சாவின் மயக்கும் கூறான டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டனர். அப்பொருள் பற்றிக்கொள்ளும் ஏற்பி மூளையில் உண்டு என்பது 1988இல் நிறுவப்பட்டது. மூளை தானே சுரக்கும் அதனையொத்த பொருளொன்று 1992இற் கண்டறியப்பட்டு, ‘ஆனந்த’ என்ற வடசொல்லடியாக ‘ஆனந்தமைட்’ எனப் பெயர் பெற்றது. நினைவு, பசி, அச்சம், உறக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் ஒழுங்கமைப்பு அது. இளம் பருவத்தில் மூளை முதிர்ச்சியடைவதிலும் அதற்குப் பங்குண்டு. 1893இன் விசாரணை கேளாது விட்ட கேள்வி இங்குதான் உள்ளது. எவ்வளவு புகைத்தான் என்று அது விசாரித்தது; எத்தனை வயதிற் தொடங்கினான் என்பதை ஒரு காரணியாகக் கொள்ளவில்லை.

சுவீடனில் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 1987இல் வெளியாயிற்று. ஐம்பது தடவைக்கு மேற் கஞ்சா புகைத்திருந்தோரிடையே மனச்சிதைவு நோய் ஏற்படும் வாய்ப்பு, புகைக்காதோரிலும் ஆறு மடங்காகக் காணப்பட்டது. ஏனைய காரணிகளைக் கழித்தபோது அம்மடங்கு குறைந்ததேயன்றி மறையவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில் நிகழ்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாடோறும் புகைப்போருக்கு உளப்பிறழ்வு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு எனவும், செறிவு மிக்க வகையை நாடோறும் புகைப்போருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு எனவும் கணிக்கப்பட்டது. பரம்பரையின் பங்கு எவ்வளவு, நோயின் முன்னறிகுறியே புகைக்கத் தூண்டுவது எவ்வளவு என்பன பற்றிய விவாதம் தொடர்கின்றது. புகைப்போரிற் பெரும்பான்மையோருக்கு உளப்பிறழ்வு ஏற்படுவதில்லை என்பதும் உண்மை. ஆயின் அளவு, செறிவு, வயது ஆகியவற்றோடு தீங்கும் ஏறுகின்றது என்பதை இன்று எளிதில் மறுக்க இயலாது. ஆணைக்குழு ஒப்புக்கொண்ட அந்த 61 பேரும், ஏனையோரின் பொய்க் கணக்கை வெளிப்படுத்தும் ஆர்வத்திற் பிற்கால வாசகரால் மறக்கப்பட்டவர்கள்.

அடிமைப்படுத்தும் தன்மை பற்றியும் இவ்வாறே. கஞ்சாவை விடுதல் எளிது, உடல் அதனைக் கேட்பதில்லை என்பது நெடுங்கால நம்பிக்கை. நாடோறும் புகைத்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை, அமைதியின்மை ஆகியன தொடங்கி, முதல் வாரத்தில் உச்சம் பெற்று, இரண்டு வாரம் வரை நீடிப்பதுண்டு. அமெரிக்க மனநோய் மருத்துவரின் கைந்நூல் 2013இலேயே இதனை ஒரு நோய்நிலையாக ஏற்றது. 1994இல் வெளியான அமெரிக்கக் கணிப்பின்படி ஒரு தடவையேனும் கஞ்சாவைப் பயன்படுத்தியோருள் ஏறத்தாழ 9 சதவீதத்தினர் அதற்கு அடிமையாயினர். மதுவுக்கு அது 15, புகையிலைக்கு 32. இவ்வெண்களைக் காட்டிக் கஞ்சா பாதுகாப்பானது என வாதிப்போர், பதின்ம வயதிற் தொடங்கியோரிடையே அது ஏறத்தாழ ஆறில் ஒருவர் என்பதைச் சொல்லாது விடுவர். புகையினால் நெடுநாள் இருமலும் சளியும் வருதல், கற்கும் வயதில் நினைவாற்றல் மந்தமாதல் ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. கஞ்சாவை மட்டும் மிகையாகக் கொண்டு ஒருவர் உயிரிழத்தல் மிக அரிது என்பதும், புற்றுநோய்ச் சிகிச்சையின் வாந்திக்கும் சிலவகை வலிப்புக்கும் அதன் கூறுகள் மருந்தாவதும் உண்மையே. ஆனால் மருந்தாவது வேறு, நாட்பழக்கமாவது வேறு.

இன்னொன்று. நவகாவ் விவசாயி பொத்தாரின் துணையோடு விளைவித்த கஞ்சாவும் இன்றைய சந்தையிலுள்ளதும் பெயரால் மாத்திரம் ஒன்று. ஐக்கிய அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 1995இல் ஏறத்தாழ 4 சதவீதமாயிருந்து 2014இல் 12 சதவீதமாயிற்று. கடத்துபவனுக்குச் சிறு பொதியில் மிகு வலு வேண்டும். சட்டபூர்வ வணிகனுக்குத் திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளன் வேண்டும். தடையும் சந்தையும் இவ்வொரு விடயத்தில் ஒரே திசையில் தள்ளுகின்றன. கனடா 2018இற் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய அதே ஆண்டில், சிகரெற் உற்பத்தி நிறுவனமான ஆல்ட்ரியா, குரோனொஸ் என்னும் கனேடியக் கஞ்சா நிறுவனத்தின் 45 சதவீதப் பங்குக்கு ஏறத்தாழ 180 கோடி டொலர் அளிப்பதாக அறிவித்தது. புகையிலை முதலாளிக்கு நாட்பழக்கத்தின் பெறுமதி பற்றி யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கஞ்சா விடுதலை என்பதனை ஏகாதிபத்திய எதிர்ப்பாகக் காணும் நம் நண்பர்கள் இவ்வணிகக் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபினி, அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைக் கட்டுப்படுத்தி வந்துள்ளது; ஆயுர்வேத மருந்துக்கு வழியுண்டு. பாக்கு நீரிணையைக் கடந்து வடகரையிற் கைப்பற்றப்படுவது பத்திரிகைகளிற் ‘கேரளக் கஞ்சா’ எனப்படுகின்றது. அச்செய்திகளிற் படகோட்டியின் ஊர் வரும், முதலிட்டவனின் ஊர் வருவது அரிது. பொருளாதார நெருக்கடி உச்சம் பெற்ற 2022இன் நவம்பரில், வரவுசெலவுத் திட்ட உரை ஏற்றுமதிக்கெனக் கஞ்சா செய்கை பண்ணுவதை ஆராய நிபுணர் குழு அமைக்க முன்மொழிந்தது. பதின்மூன்று மாதம் கழித்து, 2023 டிசம்பரில், ‘யுக்திய’ என்ற பெயரிற் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி, ஆயிரக்கணக்கானோர் கைதாகினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் அதனை நிறுத்துமாறு கோரினர். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், போதைக்கு அடிமையானவர் எனச் சந்தேகிக்கப்படுபவரைப் பொலிசார் பிடிக்கலாம். அரச வைத்தியர் பரிசோதிப்பார். நீதவான் கட்டாயப் புனர்வாழ்வுக்கு அனுப்புவார். இச்சட்டம் கஞ்சாவுக்கு மாத்திரம் உரியதன்று. ஆயினும் பொலிஸ்காரர், வைத்தியர், நீதவான் என்ற அந்த ஒழுங்கு 1858ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசித்தவருக்குப் புதியதன்று. எத்தனை வயதிற் தொடங்கினாய், நாளுக்கு எத்தனை முறை, நிறுத்தியபோது உறக்கம் வந்ததா என்பன சிகிச்சை நிலையத்தில் வைத்தியர் கேட்கும் கேள்விகள். சந்தியிற் பைகளைச் சோதிக்கும் பொலிஸ்காரருக்கு அவை தேவைப்படுவதில்லை.